நீலமாகத் தெரிந்த கூரை

கிராக்கோ
நவம்பர் 17

அன்புள்ள போக்னா அக்காவுக்கு,

மடத்தில் உனக்கு சிஸ்டர் ரஃபாயெலா என்று பெயர். இத்தனை வருடமாகியும் அது என் வாயில் நுழையவில்லை, பேனாவிலும் நுழையாது. நானும் ஹலினாவும் நலம். என் பெண்டாட்டிக்கு முழங்கால் வலி. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி. உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? போன கடிதத்திலும் கேட்டேன், அதற்கு முந்தியதிலும் கேட்டேன். நீ தோட்டத்துப் பூசணிக்காயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய்.

சேதி என்னவென்றால், உன் ஊருக்கு வரப்போகிறேன். ஆனால் ஆகாயத்தில். ஸ்தாரா லிப்கா நகராட்சி எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுத்திருக்கிறது. ஜனவரியில் மேகமில்லாத குளிர் இரவாகப் பார்த்து, சின்ன விமானத்தில் வெப்பக் கேமராவை வைத்து ஊர்க் கூரைகளை எல்லாம் படம் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சூடு எந்தக் கூரை வழியாக ஓடிப்போகிறதோ அது சிவப்பாகத் தெரியும். சூடு வெளியே வராத கூரை நீலம். நகராட்சி ஆட்கள் சிவப்பு வீடுகளுக்குப் போய்க் கூரையின் கீழே பஞ்சு அடைத்துக் கொடுப்பார்கள். மிகவும் நீலமான வீடுகளுக்கும் போய்ப் பார்ப்பார்கள். ஏனென்றால் சில கிழங்கள் அடுப்பே மூட்டாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும், அதுவும் படத்தில் நீலம்தான்.

டிசம்பர் பிறந்தால் திருவருகைக் காலம் என்று உங்கள் மடத்தில் கடிதப் போக்குவரத்து கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் என்று மறுபடியும் கிடையாது. யார் கண்டுபிடித்த சட்டமோ! அதற்குள் பதில் போடு. பூசணிக்காய் வேண்டாம், இருமல் பற்றி எழுது.

உன் தம்பி
இரெக்


ஸ்தாரா லிப்கா
நவம்பர் 26

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பி இரெக்,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் தினமும் வேண்டுகிறேன். ஹலினாவின் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையைத் தட்டி வைத்துக் கட்டச் சொல். சிஸ்டர் தெக்லா அப்படித்தான் செய்கிறாள், கடைவீதிக்கும் தபால் நிலையத்துக்கும் ஓடுகிறவள் அவள்தானே.

நீ எங்கள் தலைக்கு மேலே பறக்கப் போகிறாய் என்று சொன்னதும் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. கையாட்டலாமா என்று எங்கள் மடத்துத் தலைவி மதர்கூடக் கேட்டார். எங்கள் கூரையில் இப்போது ஓடு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரித்துவிட்டுத் தகரம் போட்டார்கள். மழை பெய்தால் ஜெபம் சொல்வது யாருக்கும் கேட்காது. புறா வந்து உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே தோட்டம் வரை போகிறது.

பூசணிக்காயைத் திட்டாதே, இன்னும் நான்கு பாக்கி இருக்கிறது. குளிரில் பறக்கும்போது காதை மூடிக்கொள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி வரும்.

ஜெபங்களுடன்
சிஸ்டர் ரஃபாயெலா


கிராக்கோ
ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டை வந்தது. அதில் இரண்டே வரி. போகட்டும். நாங்கள் நலம், முழங்காலும் பரவாயில்லை.

உன் ஊர்க்காரர்களைப் போல ஒரு ஜனத்தை நான் பார்த்ததில்லை. வெப்பப் படம் எடுக்க விமானம் வருகிறது என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தாராம். அவ்வளவுதான். சிவப்பாகத் தெரிந்தால் அபராதம் என்று யாரோ கிளப்பிவிட, பாதி ஊர் அன்று இரவு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது! வெளியே மைனஸ் ஒன்பது. மேலே நான் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன், ஊரே நீலம். மறுநாள் ஒரு பெரியவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

“ஏம்ப்பா, ராத்திரி பூரா பல்லு கிட்டிப்போய் உக்காந்திருந்தேன். என் கூரை என்ன கலர்ல வந்திருக்கு?”

“ஐயா, நீங்க அடுப்ப அணைச்சா படம் எதுக்கு ஆகும்?”

“அத விடு. பக்கத்து வீட்டு ஸ்தாஷெக் கூரையவிட நல்லா வந்திருக்கா, அதச் சொல்லு.”

நாலு நாள் கழித்து, சாமியாருக்குக்கூடச் சொல்லாமல் மறுபடி பறந்தோம். இந்த முறை சரியான படம். உங்கள் மடம் மட்டும் அப்போதும் கரு நீலம், வடக்கு மூலையில் கைக்குட்டை அளவு ஒரே ஒரு சூடான இடம். பார்த்ததும் ஒரு நொடி பதறிவிட்டேன். அப்புறம் உன் கடிதம் ஞாபகம் வந்து சிரித்தேன். தகரம்! பளபளக்கும் தகரம் கண்ணாடி மாதிரி. மேலே இருக்கும் வானத்தின் குளிரை அப்படியே கேமராவுக்குத் திருப்பிக் காட்டும், உள்ளே நீங்கள் சூளையே வைத்திருந்தாலும் நீலம்தான் தெரியும். எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான். நேரில் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகளில் உங்கள் மடமும் வந்திருந்தது. “தகரம், தேவையில்லை” என்று எழுதிக் கோடு போட்டுவிட்டேன். நகராட்சி ஆட்கள் வந்து உங்கள் தியானத்தைக் கெடுக்க மாட்டார்கள், நன்றி சொல்.

மூலையில் இருப்பது சமையலறைப் புகைபோக்கிதானே? இருமல்?

இரெக்


ஸ்தாரா லிப்கா
ஜனவரி 29

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைப் பொழுதுபோக்கு நேரத்தில் வாசித்தோம். பல் கிட்டிப்போன பெரியவருக்காக எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீங்கள் இருவரும் நலமாயிருப்பதில் மகிழ்ச்சி.

தகரம்தான் தம்பி, நீ சொல்வது சரி. தகரத்தைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும். அந்தத் தகரத்தோடு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நீயும் சிரிப்பாய். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று போன ஆகஸ்டில் நாங்களே மேலே ஏறிப் பெயின்ட் அடித்தோம். பச்சை வண்ணம், இரண்டு பூச்சு. தெக்லா வாளியோடு சறுக்கி, அன்று மாலை ஜெபத்துக்குப் பச்சைக் காதோடு வந்து நின்றாள். மதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

பென்சிலில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. கோணலாகவும் இருக்கும். பனி இந்த வருடம் அழகாக விழுந்திருக்கிறது. ஹலினாவிடம் என் அன்பைச் சொல்.

ஜெபங்களுடன்
சிஸ்டர் ரஃபாயெலா


கிராக்கோ
பிப்ரவரி 5

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

பச்சைப் பெயின்ட்டா? இரண்டு பூச்சா? அதைப் போய் இப்போதா சொல்வது! வெறும் தகரம்தான் கேமராவை ஏமாற்றும். பெயின்ட் அடித்துவிட்டால் அது ஓட்டுக் கூரையைப் போல, சிமென்ட்டைப் போல உள்ளதை உள்ளபடி காட்டும். எங்களிடம் இருக்கும் பகல் படம் பழசு, அதில் நீங்கள் தகரம்கூடப் போடவில்லை. உன் வார்த்தையை நம்பித்தான் தகரம் என்று எழுதினேன். அப்படியானால் அந்த நீலம் நிஜம். மடம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது என்று படம் கத்தியிருக்கிறது, நான் எனக்குத் தெரிந்த முதல் பாடத்தை வைத்து அதன் வாயை அடைத்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உங்கள் கொதிகலன் எரிகிறதா இல்லையா? ஆமாம், இல்லை, ஒரே வார்த்தை போதும். பென்சிலில் எழுதியிருக்கிறாயே, மை உறைந்துவிட்டதா? நிமோனியாவில் ஒரு பக்க நுரையீரல் கெட்டுப்போனவள் நீ, ஞாபகம் இருக்கிறதா? உன் கடிதத்தை ஹலினாவிடம் காட்டினேன். “ஒங்க அக்கா மூணு தடவ இருமலப் பத்திப் பேச்செடுக்கல. நீ என்ன கேமரா வெச்சுப் பொழைக்கிற?” என்று கேட்டுவிட்டாள்.

உடனே பதில் போடு.

இரெக்


ஸ்தாரா லிப்கா
பிப்ரவரி 18

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பி,

கோபப்படாதே, உனக்கு இரத்தக் கொதிப்பு. கொதிகலன் நவம்பர் தொடக்கத்தில், சகல புனிதர் திருநாள் வாரத்தில் வெடித்துவிட்டது. பழைய நிலக்கரிக் கொதிகலன், அதற்கு இப்போது பாகமும் கிடைக்காது, மறுபடி மூட்ட அனுமதியும் கிடைக்காது. புதியது வரும்வரை கம்பளிக் காலுறை இருக்கிறது. ஒரு அறை நன்றாகச் சூடாக இருக்கிறது, அது போதுமானது. ஆப்பிள் இந்த வருடம் ஒன்றுகூட அழுகவில்லை.

குளிர் எங்களைக் கொன்றுவிடாது. நீ ஊரைக் கூட்டாதே. மார்ச் முதல் வாரம் தவக்காலம் தொடங்குகிறது. கடிதம் கையில் கிடைக்காது, கம்பிக்குப் பின்னால் இருந்து பார்க்கிற சந்திப்பும் கிடையாது. ஆகையால் வீணாக அலையாதே. ஈஸ்டருக்குப் பிறகு எல்லாம் விவரமாக எழுதுகிறேன். இருமல் பரவாயில்லை.

ஜெபங்களுடன்
சிஸ்டர் ரஃபாயெலா


கிராக்கோ
பிப்ரவரி 28

அக்கா,

“ஒரு அறை சூடாக இருக்கிறது, அது போதுமானது.” இந்த வரியைப் படித்துவிட்டு நான் வீட்டில் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள். யாருக்குப் போதும்? கொதிகலன் வெடித்த பிறகு எனக்கு இரண்டு கடிதம் எழுதினாய். புறா வழுக்கியதையும் காது பச்சையானதையும் எழுதினாய். இதை எழுதக் கை வரவில்லை!

நேற்று ஸ்தாரா லிப்கா நகராட்சிக்குப் போனேன். இந்த வேலையைப் பார்க்கும் திருமதி குரோவ்ஸ்காவின் மேஜையைத் தட்டினேன்.

“நீல வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பினீங்களே, மடத்துக்கு ஏம்மா அனுப்பல?”

அந்த அம்மா நிதானமாக ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். “இது யாரு கையெழுத்து சார்?”

“என்னோடது.”

“தகரம், தேவையில்லைன்னு கோடு போட்டது?”

“நான்தான்.”

“அப்புறம் எங்கிட்ட எதுக்குக் கத்துறீங்க? டீ குடிக்கிறீங்களா?”

டீயைக் குடித்தேன், வேறு என்ன செய்ய. படம் தப்பில்லை, நான்தான் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்க்கிறேன் என்றார். எங்கள் முதலாளியோ, அச்சடித்த அறிக்கையில் பிழை என்று சொன்னால் அடுத்த ஊர் வேலை கிடைக்காது, ஈஸ்டர் வரை பொறு என்கிறார். எல்லோருக்கும் ஈஸ்டர்! நான் அவரிடம் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இது தவக்காலத்துக்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும்.

இரெக்


கிராக்கோ
மார்ச் 11

அக்கா,

இதை நீ ஈஸ்டர் வரை படிக்க மாட்டாய் என்று தெரியும். எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மடத்து வாசலுக்கு வந்தேன். சிஸ்டர் தெக்லாதான் கதவைத் திறந்தார்.

“போக்னாவப் பாக்கணும்.”

“அப்படி யாரும் இங்க இல்ல.”

“சிஸ்டர் ரஃபாயெலா! நான் அவங்க தம்பி.”

“ஓ, விமானமா! தவக்காலத்துல பாக்க முடியாது. ஈஸ்டருக்கு அப்புறம் வாங்க.”

“இவ்வளவு நாளா இந்தக் குளிர்ல கெடக்குறீங்களே, நகராட்சியில போய் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“அதான் நீல வீட்டுக்கெல்லாம் அவங்களே வருவாங்கன்னு சாமியார் பூசையில சொன்னாரே. கேக்காமயே வர்ற உதவிய எதுக்குப் போய்க் கேக்கணும்னு மதர் சொல்லிட்டாங்க. நானும் தெனமும் வாசப் பனிய வாரித் தள்ளிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தனும் வரல.”

பேச்சை மாற்ற, “சமையலறையிலயாவது சூடு இருக்குல்ல?” என்று கேட்டேன்.

“சமையலறையா? அங்க பால்ல பனிக்கட்டி மிதக்குது. ஊருல குடுத்த ஒரே விறகு அடுப்பு நோயாளி அறையில இருக்கு. அங்க மட்டும்தான் சூடு.”

“அங்க யாரு இருக்கா?”

தெக்லா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக் கட்டினார். “ஈஸ்டருக்கு அப்புறம் அவங்களே எழுதுவாங்க” என்றார்.

“எப்பலேருந்து?”

“நவம்பர் கடைசியில அந்திரேயா திருநாள் வருமே, அதுலேருந்து. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. டாக்டர் வாரா வாரம் வர்றாரு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா கேட்டாத்தானே.”

மை உறையவில்லை. படுத்துக்கொண்டு எழுதியதால்தான் பென்சில். நீ குளிரில் இருக்கிறாய் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். மடத்திலேயே நீ ஒருத்திதான் சூட்டில் இருக்கிறாய், அதுதான் இன்னும் மோசம். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன் மேல் கோபமும் வருகிறது.

இரெக்


கிராக்கோ
மார்ச் 27

அக்கா,

செவ்வாய்க்கிழமை நடந்ததை நீ நேரில் பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்தை எழுதி வைக்கிறேன்.

மடத்தை மறுபடி சேர்த்த பிறகு, கைக் கேமராவோடு ஒருவர் உள்ளே போய் அளக்க வேண்டும் என்று குரோவ்ஸ்கா உத்தரவு போட்டார். என் பெயரையே எழுதிக்கொண்டேன். அண்ணன் தம்பி வர முடியாத இடத்துக்குக் குழாய் ரிப்பேர்காரனும் கொத்தனும் வரலாமே! தெக்லா வாசலில் மதரின் நிபந்தனையை ஒப்பித்தார். “வேலையாளா வாங்க, வேலையாளா போங்க. வேலையத் தவிர ஒரு பேச்சு பேசக்கூடாது. இன்னிக்கு நீங்க யாருக்கும் தம்பி இல்ல.” சரி என்று தலையாட்டினேன்.

எனக்கு முன்னால் மதர் மணியடித்துக்கொண்டே நடந்தார். சத்தம் கேட்டுச் சிஸ்டர்கள் முக்காட்டை இழுத்துவிட்டு விலகிப் போனார்கள். ஒவ்வொரு அறையாகக் கேமராவை நீட்டினேன், சுவர், தரை, கட்டில் எல்லாம் ஒரே நீலம். ஜெபக் கூடத்தில் முழந்தாளிட்டிருந்த பலகையில் மட்டும் சற்று முன் எழுந்து போனவர்களின் சூடு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அப்புறம் உன் அறை. உன்னால் விலகிப் போக முடியாது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மதர் கதவருகே நின்றார். நான் சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

“இந்தச் சுவரு ஈரமா இருக்கா?”

“காலையில ஈரமா இருக்கும். மத்தியானம் காஞ்சிடும்.”

“ராத்திரி அடுப்பு அணைஞ்சிடுதா?”

“சிஸ்டருங்க முறை வெச்சு எழுந்து வெறகு போடுறாங்க. வேண்டாம்னாலும் கேக்குறதில்ல.”

“ஜன்னல் வழியாக் காத்து வருதா?”

“வருது. நல்ல காத்துதான்.”

அதற்குள் உனக்கு இருமல் வந்துவிட்டது. எப்போதும் பரவாயில்லை என்று எழுதுவாயே, அந்த இருமல். நான் கேமராவை உன் பக்கம் திருப்பினேன். அன்று முழுக்க நீலத்தையே பார்த்த திரையில் உன் முகம் சிவப்பையும் தாண்டி வெள்ளையாக எரிந்தது. எவ்வளவு காய்ச்சல் என்று அது கூசாமல் எழுதிக் காட்டியது. எண்ணைப் படித்தேன். “சரி, முடிஞ்சுது” என்றேன், வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் தெக்லாவைப் பிடித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே கத்தினேன்.

குரோவ்ஸ்கா நான் அளந்ததைப் பார்த்துவிட்டு உடனே போனை எடுத்தார். வாரக் கடைசிக்குள் தற்காலிக ஹீட்டர்கள் வருகின்றன, புதிய கொதிகலனுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. முதலாளி என்னோடு பேசுவதில்லை, அதுவும் நல்லதுதான். ஈஸ்டர் வரை இரு. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இரெக்


ஸ்தாரா லிப்கா
ஏப்ரல் 23

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா!

அன்புத் தம்பி இரெக்,

ஈஸ்டர் காலையில் மதர் உன் கடிதங்களை ஒரு கட்டாகக் கொடுத்தார். வரிசையாக எல்லாவற்றையும் படித்தேன். தெக்லாவிடம் நீ கத்திய பகுதியைச் சிஸ்டர்கள் உரக்க வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறுக்கு முன்பே கொதிகலன் வந்துவிட்டது. குளிரில் சிஸ்டர்களுக்கு வந்த விரல் வீக்கம் வடிந்துவிட்டது, சமையலறையில் பால் பாலாக இருக்கிறது. என் காய்ச்சல் விட்டுவிட்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெபக் கூடம் வரை நடக்கிறேன். இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போவேன் என்று டாக்டரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இருமல் இருக்கிறது, இராத்திரியில் அதிகம். போதுமா? எழுதிவிட்டேன்.

ஏன் மறைத்தேன் என்றுதானே கேட்பாய். தெரிந்திருந்தால் என்னைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிராக்கோவுக்குப் போயிருப்பாய். நான் இங்கேயே இருக்க வந்தவள். இன்னொன்றும் உண்டு. என்னைப் பழைய அறைக்கே அனுப்புங்கள், அடுப்பைக் கூடத்தில் வையுங்கள், எல்லோரும் காயட்டும் என்று மதரிடம் எத்தனையோ முறை கெஞ்சினேன். கீழ்ப்படி என்றார். என் ஒருத்திக்காக அத்தனை பேரும் நடுங்குவதை உட்கார்ந்து எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது என் முறை. நீ மட்டும்தான் கோபப்படுவாயா?

இந்த மடத்துக்குள் வந்த நாளிலிருந்து உன்னைக் கம்பிக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கண், கொஞ்சம் மூக்கு, பாதி வாய். அன்று மணிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கம்பி இல்லை, ஒன்றும் இல்லை, நாலடி தூரத்தில் முழுசாக நீ நின்றாய். நான் முக்காட்டை இழுக்கவில்லை. மதர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. நீ சுவரைப் பார்த்தாய். ஜன்னலைப் பார்த்தாய். கடைசியில் என் பக்கம் திரும்பினாய். அந்தக் கறுப்புப் பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாய்!

இறக்குவான், இறக்குவான் என்று காத்திருந்தேன். இருமும்போதுகூடக் கண்ணை மூடவில்லை. சரி, முடிஞ்சுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

என்ன மனுஷனடா நீ!

மே முதல் ஞாயிறு சந்திப்புக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். கம்பிக்குப் பின்னால்தான். ஹலினாவையும் கூட்டிக்கொண்டு வா.

ஜெபங்களுடன்
சிஸ்டர் ரஃபாயெலா